பினாங்கில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாச்சு, அப்புறம்?

பள்ளி திறக்கும் முதல் நாள் வேலி முழுக்கப் பெற்றோர் நிற்பார்கள். தாத்தா, பாட்டி, சித்தி, கைக்குழந்தை என்று குடும்பமே வந்திருக்கும். இரண்டாவது வாரம் பாதிப் பேர். மாதம் முடிவதற்குள் வேலியோரம் காலி. காரின் எஞ்சினைக்கூட அணைக்காமல் பிள்ளையை இறக்கிவிட்டு, பாலத்தில் நெரிசல் பிடிப்பதற்குள் அக்கரை போய்ச் சேரவேண்டும் என்று பறப்போம். நானும் அப்படிப் பறந்தவன்தான். வீடு பெருநிலத்துப் பிறையில், வேலை தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மகள் முதலாம் ஆண்டு படித்தபோது வருடம் முழுக்க மூன்று முறைதான் பள்ளிக்குள் போயிருப்பேன். அதில் ஒரு தடவை அவள் சாப்பாட்டுப் பையைப் பள்ளி வேனில் விட்டுவிட்டதற்காக.

இப்போது அவள் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அதாவது படிவம் 2. மகன் ஐந்தாம் ஆண்டு. நடுவில் நான்கு ஆண்டுகள் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் தாமதமாகத் தெரிந்துகொண்டவற்றை அவர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் பள்ளிக்குப் போய் முகம் பழகிக்கொள்ளுங்கள். பிரச்சினை வரும் நாளில் முதல்முறையாக வாசல் ஏறுகிறவரை எல்லாரும் சண்டைக்கு வந்தவராகத்தான் பார்ப்பார்கள்.

பதிவு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள். முதலாம் ஆண்டுப் பதிவு முந்தைய ஆண்டே கல்வி அமைச்சின் ஐடிமீ தளத்தில் நடக்கிறது. இணையத்தில் நிரப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பிறப்புப் பத்திரம், பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட், அப்பா அம்மா அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கு மின்சாரக் கட்டண ரசீது ஆகியவற்றோடு தேர்ந்தெடுத்த பள்ளிக்குப் போய்ச் சரிபார்க்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு, பள்ளி திறக்கும் வாரம் அலுவலகத்தில் வந்து நிற்கும் குடும்பம் வருடத்துக்கு ஒன்றாவது உண்டு. தொடக்கக்கல்வி 2003 முதல் மலேசியாவில் கட்டாயம்; பிள்ளையைப் பதியாமல் விடுவது சட்டப்படி குற்றம்.

தமிழ்ப்பள்ளியா, சீனப்பள்ளியா, மலாயில் நடக்கும் தேசியப் பள்ளியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது கல்யாண வீட்டுப் பந்தியில் தீராத விவாதம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை அதில் ஒன்றில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதல் மாதம்: ஆறு முகங்கள்

முதலில் வகுப்பாசிரியர். பிள்ளையின் ஒவ்வாமை, மூச்சிரைப்பு, கண்ணாடி, வீட்டில் யார் அழைத்துப்போக வருவார்கள், அப்பா அம்மா பிரிந்திருந்தால் அந்த விவரம் எல்லாவற்றையும் முதல் வாரமே சொல்லிவிடவேண்டும். நேரில் முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால், முப்பது பெற்றோரின் 'நன்றி டீச்சர்' செய்திகளுக்கு நடுவே அது காணாமல் போகும்.

அடுத்து துணைத் தலைமையாசிரியர்கள். பொதுவாக மூன்று பேர். ஒருவர் நிர்வாகமும் பாடமும், ஒருவர் மாணவர் நலம், ஒருவர் புறப்பாடம். பெற்றோர் அதிகம் தேடவேண்டி வருவது மாணவர் நலப் பொறுப்பாளரைத்தான். பாடநூல் இரவல், உதவித்தொகை, காலை உணவு, வருகை, கட்டொழுங்கு எல்லாம் அவர் மேசையில்தான் இருக்கும். எங்கள் பக்கம் அவரை 'ஹெச்.இ.எம். டீச்சர்' என்றே சொல்வார்கள். தலைமையாசிரியரைப் பார்த்தால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்து நேராக அங்கே போகிறவர்களை, அவர் திரும்ப இவரிடமே அனுப்பிவைப்பார்.

அப்புறம் அலுவலகக் கிராணி, அதாவது எழுத்தர். பள்ளியில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக, வாசலில் இருக்கும் காவலர், 'பாக் கார்ட்'. குறிப்பேட்டில் பெயர் எழுதி, அடையாள அட்டையைக் கொடுத்து, வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். 'என் பிள்ளை படிக்கிற பள்ளி, எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று வாசலில் கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ ஒருவர் கேள்விகேட்பாடில்லாமல் உள்ளே போய் உங்கள் மகளைக் கூப்பிட முடிந்தால் என்ன சொல்வீர்கள்? இன்னொன்று, உடை. அரைக்கால் சட்டையோடும் கையில்லாச் சட்டையோடும் வரவேண்டாம் என்று வாசலிலேயே பலகை மாட்டியிருப்பார்கள். காரில் ஒரு நீளக் கால்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன், பெர்முடாவோடு போய்த் திரும்பி வந்த அனுபவத்துக்குப் பிறகு.

தாள்கள், குறிப்பாக வருமானம் கேட்கும் தாள்

ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து கத்தையாகத் தாள்கள் வரும், பெரும்பாலும் மலாயில். அதில் அப்பா அம்மாவின் வேலை, மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும் பாரம் ஒன்று இருக்கும். வெட்கத்தில் அதில் வருமானத்தைக் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் அதைவிட அதிகம். இந்த விவரம்தான் அமைச்சின் மாணவர் தரவில் ஏறுகிறது. ஏழை மாணவர் அறநிதி உதவி, கூடுதல் உணவுத் திட்டத்தின் காலை உணவு என்று வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் எதுவும் இந்தத் தரவை வைத்துத்தான். உண்மையை எழுதுங்கள். நடுவாண்டில் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்து வேலை போனால், அதே வாரம் வகுப்பாசிரியரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுத் தாள் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் கிடைப்பவையும் உண்டு. பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கும். அவற்றுக்கு அட்டை போட்டு, கிழிக்காமல் ஆண்டு இறுதியில் திருப்பிக் கொடுக்கவேண்டும். பள்ளித் தொடக்க உதவி அண்மை ஆண்டுகளில் பிள்ளைக்கு 150 ரிங்கிட். பள்ளிக் கட்டணம் 2012 முதல் கிடையாது. அப்படியானால் ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி கேட்கும் பணம் எது? அதைச் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

விடுப்புக்கும் தாள்தான். காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழ் (எம்.சி.), மற்றதற்குக் கடிதம். தொடர்ந்து 3 நாள் காரணம் சொல்லாமல் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும். தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை உண்டு. ஆனால் வெள்ளி ரதம் புறப்படும் முதல் நாளே தண்ணீர்மலைப் பக்கம் போய், ரதம் திரும்பும்வரை இருக்கிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். போங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். முன்கூட்டியே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டம்

நாட்டிலுள்ள ஒவ்வொரு அரசாங்கப் பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு விதிமுறைகள் அதற்கென்றே தனியாக இருக்கின்றன. பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் அதில் உறுப்பினர். ஆசிரியர்களும் உறுப்பினர். தலைவர் பெற்றோராகத்தான் இருக்கமுடியும். தலைமையாசிரியர் ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியர் பாடம் நடத்தும் முறையிலும் சங்கம் தலையிடக்கூடாது என்பதும் விதியில் உண்டு. இதை இரண்டு தரப்புமே அவ்வப்போது மறந்துவிடும். தலைவரானதும் நேர அட்டவணையை மாற்றச் சொல்லும் அப்பாக்கள் இருக்கிறார்கள். கூடாரம் கட்டவும் நாற்காலி துடைக்கவும் மட்டும்தான் சங்கம் என்று நினைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன.

ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு காலை. ஒன்பது மணி என்று போட்டிருந்தால் பத்துக்குத் தொடங்கும். முதல் முக்கால் மணி நேரம் உரைகள். அதில் ஒருவராவது 1816க்குப் போய்விடுவார். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் அந்த ஆண்டு தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் கொண்டுதான் 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். பெருமைதான். ஆனால் 1816இலிருந்து இந்த ஆண்டுக் கழிப்பறை விவகாரத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் மீகூன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். முக்கியமானது எல்லாம் கடைசி அரைமணி நேரத்தில்தான்.

அந்த அரைமணி நேரத்தில் மூன்று காரியம் நடக்கும். முதலாவது, கணக்கறிக்கை. நுழையும்போது கையில் கொடுக்கும் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் இருக்கும். போன ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, கையிருப்பு எவ்வளவு, தணிக்கையாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'இதர செலவு' என்ற வரியில் பெரிய தொகை இருந்தால் எழுந்து கேட்கலாம். கேட்கும் விதம் முக்கியம். 'பணத்தை எங்கே கொண்டுபோனீங்க' என்று கேட்டால் கூட்டம் சந்தையாகிவிடும். 'பொருளாளர் ஐயா, பதினோராம் பக்கத்தில் இந்த இதரத்தில் என்னென்ன அடங்கும் என்று சொல்லமுடியுமா' என்றால் பதில் வரும். பொருளாளருக்கு உதவியாக இரண்டு ஆண்டு ரசீது அடுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவருக்கு அப்படி ஒருவர் கேட்பது சந்தோஷம்தான். அந்தப் பக்கத்தை யாருமே பார்க்காததுதான் வருத்தம்.

இரண்டாவது, நன்கொடை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று இந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் கேட்கும் பணம் பெரும்பாலும் இதுதான். இது நன்கொடை, இதைக் கட்டாததற்காகப் பிள்ளையின் சேர்க்கையை மறுக்க முடியாது. அதற்காகக் கட்டவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்விசிறி, நகலெடுக்கும் தாள், போட்டிக்குப் போகும் பேருந்து எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. முடியாதவர்கள் பொருளாளரிடம் தவணை கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது, தேர்தல். 'செயலவைக்கு யார் முன்வருகிறீர்கள்' என்று கேட்டதும் மண்டபமே தரையைப் பார்க்கும். முதல் ஆண்டிலேயே பொறுப்பு எடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. ஓர் ஆண்டு பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் முதலாம் ஆண்டுப் பெற்றோரில் ஒருவராவது செயலவையில் இருப்பது நல்லது. இல்லையென்றால் ஆறாம் ஆண்டுப் பெற்றோர் நாலைந்து பேர் முடிவெடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மொத்தமாகப் போய்விடுவார்கள்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு, பள்ளி மேலாளர் வாரியம் வேறு. நம் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்து நிலத்திலோ, கோவில் நிலத்திலோ, சங்கத்துக்குச் சொந்தமான இடத்திலோ தொடங்கியவை. நிலம் அரசாங்கத்தினுடையதாக இல்லாத பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். நிலம், கட்டடம் சார்ந்த விஷயங்களை வாரியம் பார்க்கும். கூரை ஒழுகுவதற்குச் சங்கத் தலைவரிடம் சண்டை போடுவதற்கு முன்னால், உங்கள் பள்ளி எந்த வகை என்று கிராணியிடம் கேளுங்கள். முழு அரசாங்கப் பள்ளிக்குப் போகும் வழி வேறு, பகுதி உதவிப் பள்ளிக்குப் போகும் வழி வேறு.

மதிப்பீட்டுத் தாளை வாசிப்பது

மகள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அடைவுநிலைத் தாள் வந்தது. தமிழ் 3, கணிதம் 3, மலாய் 3. நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். எல்லாப் பாடத்திலும் வகுப்பில் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். கேக் வாங்கினோம், மாமியாருக்கு அழைத்துச் சொன்னோம். நான்கு மாதம் கழித்து டீச்சரைப் பார்த்தபோதுதான் அது வரிசை இல்லை, ஆறு நிலைகளில் மூன்றாவது நிலை என்று தெரிந்தது. டீச்சர் சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நாம் படித்த காலத்து 'எத்தனை ஏ' என்ற கேள்விக்கு இப்போது தொடக்கப்பள்ளியில் இடம் இல்லை. ஆண்டு முழுக்க நடப்பது வகுப்பறைசார் மதிப்பீடு. அடைவுநிலை 1 முதல் 6 வரை. 1 என்றால் பாடத்தின் அடிப்படை தெரிகிறது. 2 என்றால் தெரிகிறது, புரிகிறது. 3 என்றால் தெரிந்து, புரிந்து, செய்யவும் முடிகிறது. அதற்கு மேலுள்ளவை அதை எவ்வளவு நேர்த்தியாகவும் புதிய சூழலிலும் செய்கிறது என்பதைப் பொறுத்தவை. 3 வந்தால் பயமில்லை. 1, 2 வந்தால் ஆசிரியரைப் பார்க்கவேண்டும். நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

தாள் கொடுக்கும் நாளில் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். 'எப்படி டீச்சர் படிக்கிறா' என்று கேட்டால் 'நல்லா படிக்கிறா, கொஞ்சம் பேசுறா' என்ற பதில்தான் வரும். அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

எந்தப் பாடத்தில் கீழே இருக்கிறாள், அதில் எந்தத் திறன் வரவில்லை? வாசிப்பதா, எழுதுவதா, கேட்டுப் புரிந்துகொள்வதா?

அது வராததை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், அந்தப் பயிற்சியை நான் பார்க்கலாமா?

வீட்டில் வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் இருக்கிறது என்றால் அதில் எதைச் செய்யச் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு டீச்சர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

வீட்டில்: தமிழ் வாசிக்கத் தெரியாத அப்பா அம்மா

இதை யாரும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நம் தலைமுறையில் தேசியப் பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படித்தவர்கள் நிறைய. வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, வீட்டுப்பாடத்தைத் திறந்தால் எழுத்தே பிடிபடாமல் முழிப்பார்கள். என் மனைவி அந்த ரகம். ஈப்போவில் கான்வென்ட்டில் படித்தவள். ஆறு மாதம் வகுப்பாசிரியரிடம் சொல்லாமல் மறைத்தாள்.

முதலில், சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு இது புதிதில்லை. அடுத்து, பிள்ளையை உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் காது இருக்கிறது. தட்டுத்தடுமாறுகிறதா, வாக்கியம் பொருள்படுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' என்று நீங்கள் பிள்ளையிடம் கேட்கலாம். எங்கள் வீட்டில் மகள்தான் அம்மாவுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுத்தாள். பிரம்பு வைத்துக்கொண்டு. தாத்தா பாட்டி வேறு ஊரில் இருந்தால் இரவு பத்து நிமிடம் காணொளி அழைப்பில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி திருத்துகிற மாதிரி யாராலும் திருத்தமுடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மலாய்மொழி. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு ஆறாம் ஆண்டில் பதறுவார்கள். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான். தொடக்கப்பள்ளி முடியும்போது மலாய் போதுமான நிலையில் இல்லாத பிள்ளைகள் படிவம் 1க்கு முன்னால் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டியிருக்கும். அது அவமானம் ஒன்றும் இல்லை, சிலருக்கு அந்த ஓராண்டு நன்றாகவே உதவுகிறது. ஆனால் வேண்டாம் என்று நினைத்தால் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே வீட்டில் மலாய்க் கதைப்புத்தகம் இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு மாலையில் பந்து விளையாட விடுங்கள். டியூஷனுக்குப் போகும் காசு மிச்சமாகும்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு

நான் கண்டுபிடித்த ஒரே வழி: பள்ளி நாள்காட்டி வந்த அன்றே, ஆண்டுக் கூட்டம், அடைவுநிலைத் தாள் கொடுக்கும் நாள், விளையாட்டுப் போட்டி என்று மூன்று தேதிகளை மட்டும் எடுத்து, தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் அப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவது. விளையாட்டுப் போட்டியைக்கூட விட்டுவிடலாம், மற்ற இரண்டையும் விடக்கூடாது. பிள்ளை வேறு மாதிரி சொல்லும், அது அவரவர் வீட்டுப் பஞ்சாயத்து. அப்பா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று மாற்றிக்கொள்ளுங்கள். புலனக் குழுவில் இருக்கும் எண்கள் எல்லாம் அம்மாக்களுடையதாகவே இருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆசிரியருக்கு இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பாதீர்கள். உங்களுக்கு ஷிப்ட் முடியும் நேரம், அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

குறை சொல்லவேண்டி வந்தால்

பிள்ளை அழுதுகொண்டு வருகிறது. அடித்தார்கள், திட்டினார்கள், பென்சிலைப் பிடுங்கினார்கள். அப்பா உடனே முகநூலில் எழுதிவிடுகிறார், பள்ளிப் பெயரோடு. மறுநாள் விசாரித்தால் கதை வேறு மாதிரி இருக்கும். பதிவை அழித்தாலும் யாரோ அதற்குள் படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

முதலில் பிள்ளை சொல்வதைத் தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்து, மருந்தகத்தில் காட்டி, தாள் வாங்குங்கள். அடுத்த நாள் அலுவலகத்துக்கு அழைத்து வகுப்பாசிரியரைப் பார்க்க நேரம் கேளுங்கள். விஷயம் வகுப்பாசிரியரைப் பற்றியதாகவே இருந்தால் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர். அங்கே தீராவிட்டால் தலைமையாசிரியருக்குக் கடிதம், நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு. அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என்று இரண்டு, பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று. உங்கள் பள்ளி எதற்குக் கீழ் என்று கடிதத் தலைப்பிலேயே இருக்கும். அதற்கும் மேலே மாநிலக் கல்வி இலாகா, அமைச்சின் இணையப் புகார் முறை. பலமான அடி, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு இந்த வரிசை பொருந்தாது. நேராகப் போலீசுக்கும் மருத்துவமனைக்கும் போங்கள். பள்ளிக்கு அப்புறம் சொல்லலாம்.

ஒருமுறை என் மகன் விஷயத்தில் நான் இந்த வரிசையை மீறி, நேராக மேலே புகார் அனுப்பினேன். பிள்ளையை மைதானத்தில் வெயிலில் நிறுத்தினார்கள் என்று. விசாரணை வந்தது, பள்ளியே பரபரப்பானது. கடைசியில், தண்டனை உண்மை. ஆனால் கால் மணி நேரம், மரநிழலில். ஆசிரியர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகனின் புத்தகத்தில் சரி போடுவதைத் தவிர ஒரு வரி குறிப்புக்கூட எழுதவில்லை. அந்த ஆண்டு முழுக்க எனக்கு அது உறுத்தியது.

ஆறாம் ஆண்டில் பதினைந்து பேர்

பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் தமிழ்மொழி வகுப்பு வேண்டும் என்று குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அதற்கு வசதி செய்து தரவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சொல்கிறது. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை படிவம் 1இல் தமிழை விட்டுவிட்டு, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் எடுக்காமல் போவதற்கு ஒரு முக்கியமான காரணம், அந்தப் பதினைந்து பேரை யாரும் ஒன்றுசேர்க்காததுதான்.

ஆறாம் ஆண்டு நடுவிலேயே தொடங்குங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எந்தெந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டால் உத்தேசமாகச் சொல்வார். ஒரே இடைநிலைப்பள்ளிக்குச் சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். மற்றப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி ஏற்கனவே தமிழ் வகுப்பு நடத்துகிறதா, எந்த நாள், பள்ளி நேரத்திலா அதற்குப் பிறகா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். நடத்தவில்லையென்றால் பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் மலாயில்: பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. கீழே கல்விச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம். சண்டைத் தொனி வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேர அட்டவணை, ஆசிரியர் பற்றாக்குறை என்று தடை வரும், வராமல் இருக்காது. மாதம் ஒருமுறை போய்க் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஏற்கனவே தொடக்கப்பள்ளிச் செயலவையில் பழகியவராக இருந்தால் வேலை எளிது.

என் மகள் போன பள்ளியில் பதினான்கு பெயர் வரை சீக்கிரமே வந்துவிட்டது. பதினைந்தாவதுக்கு மூன்று வாரம் அலைந்தோம். கடைசியில், என்னைப் போலவே பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்காத அப்பா ஒருவர், இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தொழிற்சாலை வாசலில் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்றுகூட முழுசாகக் கேட்கவில்லை. 'பொண்ணு தமிழ் படிக்கணும்னு சொல்லுச்சு அண்ணே' என்றார். வகுப்பு புதன்கிழமை மதியம் நடக்கிறது. இப்போது பத்தொன்பது பேர்.